அறிமுகம் செய்துவைத்தவர் மட்டும்தானா மரியோ பௌசா? – ஜாஸ் வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதுவோருக்கும், கல்லூரிகளில் அதைப் பாடமாக நடத்துவோருக்கும், அருங்காட்சியகங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் அதைத் தொகுத்துத் தருவோருக்கும், வணக்கம்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் ஒருவரேனும் படிப்பீர்களா என்பது சந்தேகம்தான். இருந்தாலும் எழுதக் காரணம் உண்டு. நியூயார்க்கின் எந்த இசைக்கூடத்திலும் கால் வைத்திராத என்னைப் போன்றவர்கள் ஜாஸைத் தெரிந்துகொண்டதே உங்கள் வழியாகத்தான். உங்கள் நூல்கள், நீங்கள் தொகுத்த இசைத்தட்டுகள், நீங்கள் வகுத்த பாடத்திட்டங்கள் இவையே எங்களுக்குப் பள்ளிக்கூடம். நீங்கள் ஒருவரை இரண்டு வரியில் முடித்துவிட்டால் எங்களுக்கும் அவர் இரண்டு வரிதான். கியூபாவில் பிறந்த டிரம்பெட் கலைஞர் மரியோ பௌசா எங்களிடம் வந்து சேர்ந்தது ஏறக்குறைய அப்படித்தான்.

அந்த இரண்டு வரிகளில் என்ன இருக்கிறது? பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைச் சேர்த்துக்கொள்ளும்படி இசைக்குழுத் தலைவர் சிக் வெப்பிடம் எடுத்துச் சொன்னவர். டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியைக் கேப் கேலோவேயின் குழுவில் நுழைத்துவிட்டவர். அதே டிஸ்ஸிக்குக் கியூபாவின் தாளக் கலைஞர் சானோ போசோவை அறிமுகம் செய்துவைத்தவர். மூன்றும் சின்ன காரியங்கள் அல்ல. ஆனால் மூன்றிலும் கதை வேறொருவருடையது. பௌசா உள்ளே வருகிறார், ஒருவரைக் கைகாட்டுகிறார், அடுத்த பத்தியில் ஆளைக் காணோம். அவர் வாசித்தது என்ன, எழுதியது என்ன, முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு பெரிய இசைக்குழுவை எப்படிக் கட்டிக் காத்தார் என்பதெல்லாம் நூலின் கடைசியில் 'லத்தீன் ஜாஸ்' என்ற தலைப்புக்குக் கீழே, இடம் இருந்தால் வரும்.

அந்த இடத்தை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பௌசா 1911 ஏப்ரல் 28 அன்று ஹவானாவில் பிறந்தார். ஞானத் தந்தையும் ஞானத் தாயும் வளர்த்த பிள்ளை. ஞானத் தந்தை சுரப்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். ஆகவே பையனுக்கு நடை பழகும்போதே இசைக்குறிப்பும் பழக்கமாகிவிட்டது. சிறுவனாக இருந்தபோதே ஹவானா ஃபில்ஹார்மோனிக் குழுவில் கிளாரினெட்டும் பேஸ் கிளாரினெட்டும் வாசித்தார். 1926இல், பதினைந்து வயதில், அந்தோனியோ மரியா ரொமேயுவின் தன்சோன் (கியூபாவின் நடன இசை) குழுவோடு ஒலிப்பதிவுக்காக நியூயார்க் வந்தார். அந்நகரின் கறுப்பின மக்கள் பகுதியான ஹார்லெமில் உறவினர் வீட்டில் தங்கினார். பால் வைட்மனின் குழு கெர்ஷ்வினை வாசிக்கக் கேட்டார். அதைவிட, கறுப்பின மக்கள் தங்கள் தெருக்களில் தங்கள் அரங்குகளில் தலைநிமிர்ந்து நடமாடுவதைப் பார்த்தார். ஹவானாவில் கறுப்பு நிறத்துக்கு எந்தெந்த வாசல் திறக்கும், எது திறக்காது என்று தெரிந்த பையன் அவர். ஊர் திரும்பியவர் சாக்ஸபோன் கற்றுக்கொண்டு 1930இல் மறுபடி கப்பல் ஏறினார். இந்த முறை தங்குவதற்காக.

அவர் டிரம்பெட் வாசிப்பவரானது ஒரு அவசரத்தில். அந்தோனியோ மச்சீன் அப்போது டான் அஸ்பியாசுவின் குழுவில் பாடி, கடலை விற்பவனைப் பற்றிய ஒரே பாட்டால் அமெரிக்கா முழுவதும் பெயர் வாங்கியிருந்தார். அவர் தனியாக ஒரு நால்வர் குழு அமைத்தபோது ஒலிப்பதிவுக்குக் கியூப பாணி தெரிந்த டிரம்பெட் கலைஞர் தேவைப்பட்டார். நியூயார்க்கில் அப்படி ஆள் இல்லை. 'எனக்கு ஒரு டிரம்பெட் வாங்கித் தாருங்கள், நானே வாசிக்கிறேன்' என்று முன்வந்தார் சாக்ஸபோன்காரரான பௌசா. ஏறக்குறைய இரண்டு வாரம் கையில் வைத்துப் பழகிவிட்டு ஒலிப்பதிவுக்குப் போய்விட்டார். நாணல் வைத்த வாத்தியத்திலிருந்து பித்தளை வாத்தியத்துக்கு மாறுவது என்றால் உதடு, மூச்சு, விரல் மூன்றையும் புதிதாகப் பழக்க வேண்டும். பல ஆண்டுகள் பயின்றவர்களே அந்த வேலைக்கு இரண்டு வாரம் போதும் என்று சொல்லத் துணிய மாட்டார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளே அவருக்கு மீதிப் பாடம்.

1933இல் சிக் வெப்பின் குழு. ஹார்லெமின் சவாய் நடன அரங்கம். சீக்கிரமே குழுவின் இசை இயக்குநர். ஜாஸின் சொற்களைக் கற்றுவிட்ட இந்தக் கியூப இளைஞருக்கு அதன் உச்சரிப்பைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் சிக் வெப். முதுகெலும்பு நோயால் உடல் குறுகி, மத்தளங்களுக்குப் பின்னால் ஏறக்குறைய மறைந்தே அமர்ந்திருந்த அந்த மேதையிடம் பௌசா ஐந்து ஆண்டுகள் படித்தார்.

இங்கே ஒன்றைக் கேட்கிறேன். 1937 மே 11 இரவு சவாயில் பென்னி குட்மனின் குழுவும் சிக் வெப்பின் குழுவும் மோதிய கதையை நீங்கள் எழுதாத நூல் உண்டா? வெளியே கூட்டம் தெருவை அடைத்ததும், குட்மனின் மத்தளக்காரர் ஜீன் குரூப்பா தோல்வியை ஒப்புக்கொண்டு வெப்புக்குத் தலைவணங்கியதும் எங்களுக்கு மனப்பாடம். அன்று வெப்பின் டிரம்பெட் வரிசையில் உட்கார்ந்திருந்த கியூபாக்காரரைப் பற்றி அந்தப் பக்கங்களில் ஒரு வரி இருக்கிறதா? ஸ்விங் காலத்தின் மிகப் பிரபலமான இரவில் மேடையிலேயே இருந்தவரை, 'வெளியிலிருந்து கியூப இசையைக் கொண்டுவந்து கலந்தவர்' என்று எப்படி எழுத முடிகிறது?

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு விஷயத்தை நான் பெரிதாகப் பேசப் போவதில்லை. அவரைக் கண்டெடுத்தது தாமே என்று உரிமை கொண்டாடியவர்கள் பலர். பௌசாவின் பங்கு இல்லாமல் போனாலும் எல்லாவின் குரல் எப்படியாவது வெளியே வந்திருக்கும். டிஸ்ஸியின் கதை வேறு. 1939இல் கேலோவேயின் குழுவில் இருந்த பௌசா, ஓர் இரவு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, தன் இடத்தில் வாசிக்க இருபத்தொரு வயது டிஸ்ஸியை அனுப்பினார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இளைஞனைக் கேலோவேயின் காதில் விழச் செய்ய அது ஓர் உபாயம். டிஸ்ஸி குழுவில் சேர்ந்தார். இருவரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்து வாசித்த அந்த நாட்களில்தான் கியூபத் தாளத்தின் அரிச்சுவடியை டிஸ்ஸி பௌசாவிடம் கற்றார். அதைச் சொல்ல டிஸ்ஸி ஒருபோதும் தயங்கியதில்லை. தயங்குவது நீங்கள்தான்.

இனி நீங்கள் விரைந்து கடந்துபோகிற இடத்துக்கு வருகிறேன்.

மச்சீட்டோ என்று உலகம் அறிந்த பாடகர் பிராங்க் கிரிலோ பௌசாவின் மைத்துனர். அவருடைய சகோதரி எஸ்தெலாவைப் பௌசா 1936இல் மணந்தார். 1940இல் மச்சீட்டோவின் பெயரில் ஒரு குழு உருவானது. அடுத்த ஆண்டே பௌசா கேலோவேயின் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு அதன் இசை இயக்குநரானார். குழுவுக்கு வைத்த பெயர் 'மச்சீட்டோவும் அவரது ஆப்ரோ-கியூபன்களும்'. ஆப்பிரிக்க வேரைப் பலரும் மறைத்துக்கொள்ள விரும்பிய 1940இல் அதை விளம்பரப் பலகையிலேயே எழுதிப் போட்டார்கள். அப்போது நியூயார்க்கில் விலைபோன கியூப இசை வெள்ளைக்காரர்களின் இரவு விடுதிகளில் மிதமாக வாசிக்கப்பட்ட ரும்பா. அந்தச் சூழலில் இந்தப் பெயர் ஒரு சவால்.

பௌசா செய்த அடுத்த வேலை யாரும் எதிர்பாராதது. கேலோவேயின் குழுவுக்கு இசைக்கோவை எழுதிக்கொண்டிருந்த ஜான் பார்ட்டியைக் கொண்டு இந்தக் குழுவுக்கும் எழுத வைத்தார். அதாவது, காற்று வாத்தியங்கள் ஹார்லெமின் மிகச் சிறந்த கறுப்பினக் குழுக்களைப் போல முழங்க வேண்டும். கீழே தாளம் ஹவானாவைப் போல ஓட வேண்டும். இரண்டில் எதுவும் மற்றதற்குச் சமரசம் செய்யக் கூடாது. காங்கா, போங்கோ, திம்பாலே என்ற மூன்று தாள வாத்தியங்களையும் ஒரே குழுவில் நிலையாக உட்கார வைத்த முன்னோடிக் குழுவும் இதுவே. இன்று லத்தீன் குழு என்றால் அந்த மூன்றும் இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1943இல் மச்சீட்டோ ராணுவத்துக்கு அழைக்கப்பட்டபோது அவருடைய வளர்ப்புச் சகோதரி, பாடகி கிராசியெலாவை ஹவானாவிலிருந்து வரவழைத்து மேடையில் நிறுத்தினார்கள். குழு ஒரு நாளும் நிற்கவில்லை.

அதே 1943 மே மாதம்தான் 'தாங்கா' பிறந்தது. மிட்டவுனில் லா காங்கா என்ற விடுதி. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி. அதை நிரப்ப பியானோவில் லூயிஸ் வரோனாவும் பேஸில் ஹூலியோ அந்தினோவும் பழகிய ஒரு கியூபப் பாட்டின் முகப்பை விளையாட்டாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். பௌசாவின் காது அதில் நின்றுவிட்டது. மறுநாள் பார்க் பேலஸ் அரங்கில் ஒத்திகை. அதையே மறுபடி வாசிக்கச் சொன்னார். தாள வாத்தியங்கள் சேர்ந்தன. பிறகு ஒவ்வொரு வரிசையாகத் திரும்பி, சாக்ஸபோன்களுக்கு இது, டிரம்பெட்டுகளுக்கு இது என்று அங்கேயே நின்றபடி வாயால் சொல்லிக்கொண்டு போனார். தாளில் ஒரு சுரம் எழுதவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு ஏறியது. அதற்கு மேலே ஜாஸ் கலைஞன் தன் மனம்போல வாசித்துக்கொள்ள வெட்டவெளியாக இடம் விட்டார்.

கேட்டுப் பாருங்கள். நீங்கள் பாடத்தில் வைக்கும் 1940களின் பெரும்பாலான உருப்படிகளில் சுரக்கட்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) இரண்டு அளவுக்கு, அதாவது இரண்டு தாளச் சுற்றுக்கு, ஒரு முறை நகர்ந்துகொண்டே இருக்கும். வாசிப்பவனின் சாமர்த்தியமே அந்த நகர்வைத் துரத்திப் பிடிப்பதில். தாங்காவின் அடித்தளம் அப்படி ஓடுவதில்லை. ஒரே இடத்தில் நின்று சுழல்கிறது. அழுத்தம் சுரமாற்றத்திலிருந்து வராமல் வாத்திய வரிசைகள் ஒன்றோடொன்று மோதுவதிலிருந்து வருகிறது. பதினைந்து ஆண்டுகள் கழித்து ஜாஸ் உலகம் சுரக்கட்டின் ஓட்டத்தைக் குறைத்து ஒரே பண்ணில் நெடுநேரம் நிற்கத் தொடங்கியபோது அதைப் புரட்சி என்று எழுதினீர்கள். எழுதுங்கள், புரட்சிதான். ஆனால் 1943இல் ஹார்லெமின் ஒரு நடன அரங்கில் வேறொரு காரணத்துக்காக வேறொரு வழியில் அந்த இடத்துக்கு வந்து நின்ற குழுவையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்து கிளாவே. உங்களில் பலர் இதை 'கியூபாவின் மணம்' என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். ஆகவே தமிழ் வாசகருக்கும் சேர்த்தே விளக்குகிறேன். கிளாவே என்பது இரண்டு அளவுகளுக்குள் விழும் ஐந்து தட்டுகள். ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு. பாட்டு மூன்றின் பக்கம் தொடங்கினால் அது மூன்று-இரண்டு. இரண்டின் பக்கம் தொடங்கினால் இரண்டு-மூன்று. தொடங்கிய பிறகு அது திரும்புவதே இல்லை. பாட்டின் ஒரு பகுதி ஒற்றைப்படை அளவில் முடிந்தால் அடுத்த பகுதி தானாகவே மறுபக்கத்தில் வந்து விழும். மெட்டுதான் இடம் மாறும், கிளாவே மாறாது. அரை இடம் தள்ளி எடுக்க வேண்டிய கிருதியைச் சமத்தில் எடுத்துவிட்டால் சுரம் அத்தனையும் சரியாக இருந்தும் நம் ஊர்ச் சபாவில் முதல் வரிசை ரசிகர் முகம் சுளிப்பாரே, கிளாவே குறுக்கே போய்விட்ட இசையைக் கேட்கும் கியூபாக்காரருக்கும் அதே நிலைதான். ஒரு வித்தியாசம்: நம் தாளத்தைக் கை போட்டுக் காட்ட ஆள் உண்டு. கிளாவேயைப் பல சமயம் யாரும் தட்டுவதே இல்லை. எல்லோருக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும்.

பதினைந்து பேர் கொண்ட ஒரு ஜாஸ் குழுவின் எழுத்து முழுவதையும், டிரம்பெட்டின் ஒரு வெட்டு விழும் இடம் வரைக்கும், இந்த எழுதப்படாத ஒழுங்குக்குள் கொண்டுவருவது என்ன வேலை என்று யோசியுங்கள். எழுதுபவருக்கு ஜாஸ் தெரிந்திருக்கும், கிளாவே தெரியாது. தாளக்காரருக்குக் கிளாவே ரத்தத்தில் இருக்கும், இசைக்குறிப்பு படிக்கத் தெரியாமல் இருக்கலாம். நடுவில் நின்று இரண்டு பேரையும் ஒரே தாளில் சந்திக்க வைத்தவர் பௌசா. மூன்று-இரண்டு, இரண்டு-மூன்று என்று எண்ணிப் பிரித்துச் சொல்லும் முறையை நியூயார்க்கின் கலைஞர்களிடம் நிலைநிறுத்திய பெருமையும் அவருக்கே தரப்படுகிறது. இன்று உலகெங்கும் லத்தீன் இசை கற்கும் மாணவர்கள் முதல் வகுப்பில் உச்சரிப்பது அந்த எண்களைத்தான்.

எதிர்வாதம் இருக்கும் என்று தெரியும். 'ஜாஸையும் கியூபத் தாளத்தையும் இணைத்த முதல் படைப்பு தாங்கா என்று எப்படிச் சொல்வது? 1914இலேயே டபிள்யூ. சி. ஹேண்டி தன் ப்ளூஸுக்குள் கியூபாவின் ஹபனேரா நடனத் தாளத்தை வைத்தாரே, ஜெல்லி ரோல் மார்ட்டன் ஜாஸுக்கு ஸ்பானியச் சாயல் வேண்டும் என்று சொன்னாரே, எலிங்டனின் குழுவில் புவேர்ட்டோ ரிக்கோவின் ஹுவான் டிசோல் இருந்தாரே' என்பீர்கள். சரிதான். 'முதல்' என்ற பட்டத்தில் எனக்குப் பிடிவாதமே இல்லை. சொல்லப்போனால் நீங்கள் அடுக்கும் இந்தச் சான்றுகள் என் பக்கம்தான் பேசுகின்றன. கரீபியத் தாளம் ஜாஸின் தொட்டிலிலேயே இருந்தது என்றால், அதை ஏன் கடைசி அத்தியாயத்தில் விருந்தாளியாக உட்கார வைக்கிறீர்கள்? முன்னவர்களுக்கும் பௌசாவுக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். முன்னவர்கள் அந்தச் சாயலை ஒரு பகுதிக்குத் தொட்டுக்கொண்டார்கள். பௌசா ஒரு முழுக் குழுவை, இரவு தவறாமல், பல பத்தாண்டுகளுக்கு அதன் மேல் நிற்க வைத்தார்.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிட வலுவானது. யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் உங்கள் நூல்களின் அமைப்பே அதைச் சொல்கிறது. பௌசா பெரிய தனிவாசிப்புக் கலைஞர் இல்லை. உண்மை. ஆம்ஸ்ட்ராங்கின், டிஸ்ஸியின், கிளிஃபர்ட் பிரவுனின் பெயரைச் சொன்னதும் காதில் ஒரு வாசிப்பு எழுகிறது. பௌசாவின் பெயரைச் சொன்னால் அப்படி எதுவும் எழுவதில்லை. அவர் வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர், வரிசையை நடத்தியவர். மாமேதைகளின் தனிவாசிப்புகளை மணியாகக் கோத்தே நீங்கள் ஜாஸ் வரலாற்றை எழுதுகிறீர்கள். அந்த நூலில் அவர் கோக்கப்படாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் பிளெட்சர் ஹென்டர்சனுக்கு எப்படி அத்தியாயம் கிடைத்தது? பில்லி ஸ்ட்ரேஹார்னுக்கு? கில் எவன்ஸுக்கு? அவர்கள் வாசித்த விரலுக்காகவா கொண்டாடுகிறீர்கள்? எழுதியதற்கும் கற்பனை செய்ததற்கும்தானே. அந்த அளவுகோலைப் பௌசாவின் மேல் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

நடனத்துக்கான இசை என்ற சாக்கு இருக்கவே இருக்கிறது. சவாயில் மட்டும் எல்லோரும் கைகட்டி உட்கார்ந்தா கேட்டார்கள்?

1947இல் டிஸ்ஸி தன் பெரிய குழுவுக்குக் கியூபத் தாளக்காரர் ஒருவரைத் தேடியபோது பௌசா சானோ போசோவைக் காட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் கார்னெகி அரங்கில் இருவரும் வாசித்தார்கள். டிசம்பரில் 'மந்தேகா' பதிவானது. அடுத்த ஆண்டு டிசம்பரில் போசோ ஹார்லெமில் ஒரு மதுக்கடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தக் கதையை நீங்கள் நன்றாகவே எழுதுகிறீர்கள், அதனால் நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும்: உங்கள் பாடங்களில் ஆப்ரோ-கியூபன் ஜாஸ் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்கர் ஒருவர் கியூபத் தாளத்தை அழைத்த நாளில். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கியூபர் ஒருவர் ஜாஸைத் தன் வீட்டுக்குள் அழைத்து வைத்திருந்த கதை முன்கதையாகக்கூட வருவதில்லை. அந்தக் காலத்துக் கலைஞர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. ஸ்டான் கென்டன் 1947இல் மச்சீட்டோ என்ற பெயரிலேயே ஓர் உருப்படியைப் பதிவு செய்தார். 1948இல் சார்லி பார்க்கர் வந்து இந்தக் குழுவோடு வாசித்தார். 1950இல் சிக்கோ ஓஃபாரில் எழுதிய நெடிய தொகுப்பையும் இதே குழு பார்க்கரோடு பதிவு செய்தது. பார்க்கர் எங்கே போனாரோ அங்கே நீங்களும் போகலாமே.

பல்லேடியம் நடன அரங்கத்தைப் பற்றி, மாம்போ பித்துப்பிடித்த 1950களைப் பற்றி இங்கே எழுதப் போனால் மடல் முடியாது. பௌசா அந்த இரவுகளின் நடுவில் இருந்தார் என்பதோடு விடுகிறேன்.

1970களின் நடுவில் குழு பிளந்தது. ஐரோப்பியப் பயணத்துக்கு ஆட்களைக் குறைத்துச் சிறிய குழுவாகப் போகலாம் என்ற பேச்சு வந்தபோது பௌசா மறுத்தார். அவர் காதில் ஒலித்த இசைக்கு எல்லா நாற்காலிகளிலும் ஆள் தேவை. கிராசியெலாவும் அவரோடு வெளியேறினார். மச்சீட்டோ தன் பிள்ளைகளோடு தொடர்ந்தார், 1983இல் கிராமி விருதும் பெற்றார், அடுத்த ஆண்டு லண்டனில் கச்சேரிக்குப் போன இடத்தில் காலமானார். பௌசா கிராசியெலாவோடு சில பதிவுகள் செய்தார். கேட்டவர்கள் குறைவு. அறுபத்தைந்து வயதுக்கு மேல் அந்த மனிதரைத் தேடி யாரும் வரவில்லை. அவரிடம் யார் எப்போது எங்கே வாசித்தார்கள் என்ற முழு நூற்றாண்டின் நினைவும் இருந்தது. மன்ஹாட்டனில், கொலம்பஸ் நிழற்சாலையில், கதவைத் தட்டினால் திறக்கிற தூரத்தில்தான் இருந்தார்.

1991இல் எண்பதாவது பிறந்தநாளுக்கு நியூயார்க்கில் ஒரு கச்சேரி. தாங்காவை ஓஃபாரில் பல பாகங்கள் கொண்ட பெரிய தொகுப்பாக விரித்து எழுதியிருந்தார். அதன் பிறகு மூன்று இசைத்தட்டுகள் அடுத்தடுத்து வந்தன. வெளியிட்டது அமெரிக்க நிறுவனம் இல்லை, ஜெர்மனியின் மெசிடோர். முதலாவது 'தாங்கா'. இரண்டாவதன் பெயருக்குப் பொருள் 'இனி என் நேரம்'. எண்பதைத் தாண்டியவர் வைத்த பெயர் அது. அதில் கசப்பு துளியும் இல்லை, வேண்டுமானால் குறும்பு இருக்கிறது. மூன்றாவதற்கு அவருடைய வீட்டு முகவரியையே பெயராக வைத்தார்கள்: 944 கொலம்பஸ். அது கடைகளுக்கு வருவதற்குள், 1993 ஜூலை 11 அன்று, புற்றுநோயால் இறந்துபோனார். டிஸ்ஸி அதே ஆண்டு ஜனவரியில் போயிருந்தார்.

அந்த மூன்று பதிவுகளையும் கேளுங்கள். முதியவருக்குச் செய்த மரியாதை என்ற தளர்ச்சி எங்கும் இல்லை. டிரம்பெட்டுகள் அறைகின்றன. சாக்ஸபோன்கள் சவாயின் கட்டுக்கோப்போடு ஒன்றாக மூச்சு விடுகின்றன. அவர் இளவயதில் கற்றது எதையும் கைவிடவில்லை என்று தெரிகிறது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். கிராமி விருதில் லத்தீன் ஜாஸுக்குத் தனிப் பிரிவு முதன்முறையாக 1995இல் வழங்கப்பட்டது. பெற்றவர் கியூபாவிலிருந்து வந்த இன்னொரு டிரம்பெட் கலைஞர், ஆர்டுரோ சாண்டோவால். 2001இல் ஜாஸின் வரலாறு என்று பத்துப் பகுதிகளாக ஒரு தொடர் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. அதில் லத்தீன் ஜாஸுக்குக் கிடைத்த நேரம் மிகச் சொற்பம் என்று அப்போதே கண்டனம் எழுந்தது. 2011இல் கிராமி விருதை வழங்கும் ரெகார்டிங் அகாடமி தன் விருதுப் பிரிவுகளை 109இலிருந்து 78ஆகக் குறைத்தபோது லத்தீன் ஜாஸ் பிரிவும் போயிற்று. அதை எதிர்த்துக் கலைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். முன்னால் நின்றவர் பாபி சனாப்ரியா, பௌசாவின் கடைசிக் குழுவில் மத்தளம் வாசித்தவர். வழக்கு நிற்கவில்லை. ஆனால் 2012 ஜூனில் பிரிவு திரும்பி வந்தது.

தனிப் பிரிவு வேண்டும் என்று போராடியவர்களை ஆதரித்துவிட்டு, தனி அத்தியாயம் வேண்டாம் என்று நான் கேட்பது முரண் போலத் தோன்றலாம். விருது என்பது இந்த ஆண்டு வாசிப்பவர்களின் பிழைப்பு. அங்கே தனி இடம் இல்லையென்றால் பெரிய பெயர்களின் நெரிசலில் நசுங்கிவிடுவார்கள். வரலாறு என்பது யாருக்குப் பிறகு யார், எதிலிருந்து எது என்ற கணக்கு. அங்கே தனி அறையில் அடைத்தால் கணக்கே தப்பாகிவிடும்.

ஆகவே கேட்பது இதுதான். 1940களைப் பற்றிய அத்தியாயத்தைத் திறந்து, மின்டன் விடுதியில் பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி உருவான பக்கத்துக்கு அருகிலேயே பார்க் பேலஸின் ஒத்திகையையும் வையுங்கள். இரண்டும் ஒரே ஹார்லெம்தான், சில தெருக்கள் தள்ளி. வகுப்பில் மந்தேகாவைப் போடுவதற்கு முன் தாங்காவைப் போடுங்கள், முழுதாக. கிளாவேயை வாய்வழியாக விளக்கிக் கடந்துபோகாமல் மாணவர்களைக் கைதட்ட வைத்து, அதன் மேல் ஒரு மெட்டைப் பாட வைத்து, வேண்டுமென்றே குறுக்கே போக வைத்துக் காட்டுங்கள். ஒரு மணி நேரம் போதும். சிக் வெப்பைப் பற்றிய பாடத்தில் அவருடைய இசை இயக்குநரின் பெயரைச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, இது அவசரமானது. பௌசாவின் கடைசிக் குழுவில் வாசித்தவர்கள் பலர் இன்னும் வாசித்துக்கொண்டும் கற்பித்துக்கொண்டும் இருக்கிறார்கள். சனாப்ரியா நியூயார்க்கின் இசைக் கல்லூரிகளிலேயே பாடம் நடத்தியவர். அவர்களைக் கூப்பிடுங்கள். 'லத்தீன் மாதம்' என்று ஒதுக்கிய வாரத்தில் ஒரு சொற்பொழிவுக்காக வேண்டாம். உங்கள் பாடத்திட்டக் குழு கூடும் மேசைக்கு அழையுங்கள். பௌசா எந்தச் சுரத்தை எங்கே வெட்டச் சொன்னார், எந்த இடத்தில் ஒத்திகையை நிறுத்தித் திட்டினார் என்று அவர்களுக்குத் தெரியும். பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் இதைக் கவனிப்பீர்கள் என்று எதிர்பார்க்கும்,

தொலைவிலிருந்து கேட்கும் ஒரு தமிழ் ரசிகன்